காற்று விழுந்தால் ஆட்டம் நிற்கும்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை ஐந்து சோடிச் சப்பாத்துகள். தெற்குப் பக்கக் கோட்டுக்கு வெளியே, நுனி மைதானத்தைப் பார்க்க, ஒரு சாண் இடைவெளி விட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் காலுறை சுருட்டிச் செருகியிருந்தது. கடைசிச் சோடியின் மேல் கோல்காப்பாளரின் கையுறைகள். மைதானத்துக்குள் ஆறு பேர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேசியக் கிண்ணத்தின் மூன்றாம் சுற்று. ஆட்டம் தொடங்கவேண்டிய நேரம் மூன்றரை.

சில வருடங்களுக்கு முந்திய அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இப்போது எழுதக் காரணம் தர்சிகா. நான் ஓய்வு பெற்றபின் முல்லைத்தீவு மாவட்டத்து விளையாட்டுச் செய்திகளை எங்கள் பத்திரிகைக்கு அவர்தான் எழுதுகிறார். கிண்ணத்தில் வன்னி அணிகள் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். பழைய பிரதிகளைப் புரட்டியவர் என்னிடம் கேட்டார்: "அங்கிள், நீங்கள் எழுதின ஒவ்வொரு கோலுக்கும் வலது கால், இடது கால், தலை எண்டு இருக்கு. இந்த ஒரு கோலுக்கு மட்டும் ஒண்டும் இல்லை. ஒருத்தரும் வீடியோ எடுக்கேல்லையோ?"

"எல்லாற்ற ஃபோனும் வேற பக்கம் பாத்துக்கொண்டு நிண்டது, பிள்ளை" என்றேன். மிச்சத்தை எழுதித் தருவதாகச் சொன்னேன்.

கால் எது என்று எழுதும் பழக்கம் சிவகுரு ஐயாவிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒப்புநோக்குபவனாகப் போன என்னை விளையாட்டுப் பக்கத்துக்கு இழுத்தவர் அவர். மேசையில் கண்ணாடித் தம்ளரில் வெறுந்தேத்தண்ணி ஆறிக்கொண்டே இருக்கும். குடித்து நான் கண்டதில்லை. தொலைபேசியில் செய்தியை வாசித்துக் காட்டும்போது மறுமுனையில் "ம்" என்ற சத்தம் மட்டும் வரும். "அபாரமான" என்று வந்தால் "எடு" என்பார். "மின்னல் வேக" என்றால் "எடு". வாசித்து முடிந்ததும் இரண்டு கேள்விகள். முதலாவது, "கண்டதோ, கேட்டதோ?" இரண்டாவது, "எந்தக் கால்?" கேட்டதை எழுதலாம், ஆனால் யார் சொன்னது என்று எழுதவேண்டும். கால் தெரியாவிட்டால் அந்த வரியே வேண்டாம். ஒருமுறை, கோல் அடித்தவனிடமே கேட்டேன் என்று சொன்னேன். "அவன் வலது எண்டுதான் சொல்லுவான். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நீ பாத்தியோ?" என்றார். பிறகு இடப்பெயர்வுகள் வந்தன. கடதாசி இல்லாமல் பத்திரிகை நான்கு பக்கமாகச் சுருங்கிய காலத்திலும் அவருடைய இரண்டு கேள்விகள் சுருங்கவில்லை.

அந்தக் கிண்ணத்துக்கும் எங்கள் கரைக்கும் உள்ள தொடர்பு பழையது. சண்டை தொடங்குவதற்கு முன் முல்லைத்தீவிலிருந்து ஒரு கூட்டு அணி போனது. கரையோரத்துக் கத்தோலிக்கப் பெடியள், கடைத்தெரு முஸ்லிம் பெடியள், கண்டாவளையிலிருந்து வயல்காரர் இரண்டு பேர். லொறியில் வவுனியா, அங்கிருந்து ரயிலில் கொழும்பு. கடைசிப் பதினாறு வரை போய்ப் பெனால்டி உதையில் தோற்றார்கள். கோலுக்குள் நின்றவர் சந்தியாப்பிள்ளை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இரண்டு உதைகளைத் தடுத்தார். அடுத்த வருடம் குலுக்கலில் அணியின் பெயர் வந்தது. போவதற்குப் பாதை இருக்கவில்லை. முடிவுகள் வெளியானபோது பெயருக்கு நேரே "வரவில்லை" என்று இருந்தது. மூன்று பூச்சியம் என்ற தோல்விக் கணக்கு. அதன்பின் நெடுங்காலம் வன்னியின் பெயர் எந்தக் குலுக்கலிலும் இல்லை.

மீள்குடியேறி, கூடாரங்கள் வீடுகளாகி, வலைகள் வாங்கியபிறகு அன்றைக்கு ஆட்டம் நடந்த கரையோரக் கிராமத்தில் வெண்சங்கு விளையாட்டுக் கழகத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். கிண்ணத்துக்குப் பதினெட்டுப் பேரைப் பதியவேண்டும். பதினெட்டாவது பெயர் எப்போதும் சந்தியாப்பிள்ளையுடையது. யாரும் தீர்மானம் போடவில்லை. முதல் வருடம் எழுதினார்கள், பிறகு வழக்கமாகிவிட்டது. ஐம்பத்து நான்கு வயது, கழகத்தின் தலைவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். ஒரு நிமிடம்கூட விளையாடியதில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் நேரே அமலனிடம் போனேன். வெண்சங்கு அணியின் தலைவர், நடுக்களத்தில் ஆடுபவர். பந்தைத் தட்டுவதை நிறுத்தாமலே பேசினார்.

"அஞ்சு பேரும் எங்க?"

"கடலில, அண்ணை."

"எப்ப போனது?"

"நேற்றுப் பின்னேரம். காலமை எட்டு மணிக்கு வந்திருக்க வேணும்."

ஐந்து பேரும் இரண்டு படகுகளில் போயிருந்தார்கள். ஒருவன் றெஜி. கோல்காப்பாளர், அமலனின் தம்பி.

ஏன் போனார்கள் என்பதை அந்தக் கரையில் விளக்கவேண்டியதில்லை. ஞாயிறு பூசைநாள். சனி பின்னேரம் படகு இறங்காது, ஞாயிறு முழுவதும் கரையில் கிடக்கும். அதனால் கழகத்தின் ஆட்டங்கள் எல்லாம் ஞாயிறு வைக்கப்பட்டன. ஆட்டத்துக்காக ஒருவனும் தொழிலை விட்டதில்லை. இந்த முறை மேற்குக் கரையிலிருந்து வரும் அணியின் வசதிக்காக ஆட்டம் சனிக்கு மாற்றப்பட்டது. வியாழன்தான் அறிவித்தார்கள். சனி என்றால் வெள்ளி இரவு தொழிலுக்குப் போகாமல் இருக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளி இரவு போவார்கள், சனி காலை வருவார்கள், பின்னேரம் விளையாடுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெள்ளி நள்ளிரவுக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. எங்கள் கரையில் அது கடலை நோக்கி வீசும். இஞ்சின் நின்ற படகை அது வெளியே கொண்டுபோகும்.

நண்பகலில் இரண்டு படகுகள் தேடப் போயிருந்தன. அவையும் திரும்பவில்லை. கைத்தொலைபேசி இணைப்பு கரையிலிருந்து சிறிது தூரம் மட்டுமே.

மத்தியஸ்தர் நௌபர் மாஸ்டர். முல்லைத்தீவில் பிறந்து, புத்தளம் முகாமில் வளர்ந்து, திரும்பி வந்து வவுனியாவில் படிப்பிக்கிறவர். அவருடைய முறை எனக்குப் பழக்கம். முதலில் கோல் வலையைக் கையால் இழுத்துப் பார்ப்பார். பிறகு பந்தை மார்பு உயரத்திலிருந்து விழவிட்டு எழும்புவதைப் பார்ப்பார். அதன்பின் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் அட்டையோடு நிறுத்தி, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அன்றைக்கும் ஒன்றையும் விடவில்லை. அமலன் கடல் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியபோது, "முதல் காட், பிறகு கதை" என்றார். ஆறு அட்டைகளையும் பார்த்து முடித்தபின் பேனையை மூடினார்.

"ஏழு பேர் இல்லாமல் துவங்கேலாது, அமலன். பதினைஞ்சு நிமிசம் பொறுப்பன். மூண்டே முக்கால். அதுக்குப் பிறகு என்ர கையில ஒண்டும் இல்லை."

"என்னெண்டு எழுதுவீங்கள்?"

"வரேல்லை எண்டு."

சந்தியாப்பிள்ளை கதிரையிலிருந்து எழும்பினார். பதிவிலிருந்த மற்றவர்களில் ஐந்து பேர் கட்டாரில் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒருவனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மிச்சம் பதினெட்டாவது பெயர்.

அதே நேரத்தில் கரையில் மூன்றாவது படகு தயாராக நின்றது. மண்ணெண்ணெய் ஏற்றியாயிற்று. அதில் போகவேண்டியவரும் சந்தியாப்பிள்ளைதான். இஞ்சின் நின்ற படகு எந்தப் பக்கம் இழுபடும் என்று அந்தக் கரையில் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர். கரையில் நின்றவர்கள் இரண்டு தரம் ஆளனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அமலன் அவரிடம் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, நீங்கள் படகில ஏறுங்கோ. கிண்ணம் அடுத்த வருசமும் வரும்."

"இந்தக் காற்றுக்குள்ள மூண்டாவது படகை விட்டா, அதைத் தேட நாலாவது வேணும். இப்ப ஒருத்தரும் இறங்கக்கூடாது. பின்னேரம் கச்சான் விழும். விழுந்த உடன போனால்தான் பிடிக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கரையில நிண்டு என்ன செய்யிறது? காலமை துவங்கிப் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்." சட்டைப் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தார். "இன்னொருக்கா 'வரேல்லை' எண்டு எழுத விடமாட்டன். ஆனா ஒண்டு. காற்று விழுந்தா நான் போயிடுவன். பந்து எங்க நிண்டாலும் போயிடுவன்."

அவர் போனால் ஆறு பேர். ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும், கிண்ணம் போகும். எல்லாருக்கும் விளங்கியது. அமலன் தலையாட்டினார்.

நௌபர் மாஸ்டர் அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் வழக்கத்தைவிடக் கூடிய நேரம் பார்த்தார். படம் எடுத்தபோது மீசை கறுப்பு.

"உங்கட பெரியப்பா எங்களுக்கு இடது பக்கம் ஓடினவர், தம்பி. கொழும்பில கோலும் போட்டவர்" என்றார் சந்தியாப்பிள்ளை.

"அதுக்காக உங்களுக்கு ஓஃப்சைட் விடமாட்டன், அண்ணை."

"கோலுக்குள்ள நிக்கிறவனுக்கு என்ன ஓஃப்சைட்?"

எதிரணி முகாமையாளர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். இரவு முழுவதும் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "இந்த வயசில நெஞ்சில பந்து பட்டா ஆர் பொறுப்பு?" என்று மத்தியஸ்தரிடம் கேட்டார். பதில் சந்தியாப்பிள்ளையிடமிருந்து வந்தது: "மண்ணெண்ணெய்க் கான் சுமக்கிற நெஞ்சு, தம்பி. உங்கட பந்து என்ன நிறை?" வயதுக்கு மேலெல்லை இல்லை என்று நௌபர் மாஸ்டர் சொன்னார். வராத ஐந்து பேரின் பெயர்களும் ஆட்டத் தாளில் இருந்தன. ஆட்டம் முடிவதற்குள் வந்தால் அவர்கள் அட்டையைக் காட்டி இறங்கலாம் என்றும் சொன்னார். அதனால் ஒருவரும் சப்பாத்துகளை எடுக்கவில்லை. சந்தியாப்பிள்ளை கையுறைகளை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டார். றெஜியின் சப்பாத்து அவருக்குப் பற்றவில்லை. வெறுங்காலோடு விட முடியாது என்றதும் முழங்கால் வீங்கியவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான்.

மூன்று நாற்பத்து நான்குக்கு விசில் ஊதியது.

மைதானம் மேற்கிலிருந்து கிழக்காகக் கிடக்கிறது. கிழக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு பனை வரிசை, அதற்கப்பால் மணல், பிறகு கடல். நாணயச் சுழற்சியில் வென்ற அமலன் மேற்குக் கோலை எடுத்தார். கோலுக்குள் நின்று சந்தியாப்பிள்ளைக்கு முழு மைதானமும், அதன் முடிவில் பனைகளுக்கிடையே கடலும் தெரியும். காற்று அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் உதைத்த பந்துகள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தன. ஒன்று பனை வரிசையையும் தாண்டி மணலில் உருண்டது. அதை எடுத்து வரப் போனவன் உடனே திரும்பவில்லை. அவனும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

வந்திருந்த சனத்தில் பாதிக்கு மேல் கரையில். கவிழ்த்து வைத்த படகுகளின் மேல் ஏறி, ஆட்டத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள். அமலனின் தாய் எல்லாருக்கும் முன்னால், அலை வந்து கால் நனைக்கும் இடத்தில் நின்றா. அவா ஒருதரமும் மைதானத்தின் பக்கம் திரும்பவில்லை.

ஏழு பேர் பதினொரு பேருக்கு எதிராக ஆடுவதைப் பல வருடங்களில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். துரத்தவில்லை. கோலுக்கு முன்னால் நான்கு பேர் ஒரு கோடாக நின்றார்கள், அவர்களுக்கு முன்னால் அமலனும் இன்னொருவரும். பந்து பக்கவாட்டில் போனால் விட்டார்கள். நடுவே வந்தால் மட்டும் காலை நீட்டினார்கள். எதிரணிக்கு வேகம் வரவில்லை. அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். முப்பத்தோராவது நிமிடம் அவர்களுடைய ஒன்பதாம் இலக்கக்காரர் பெட்டிக்கு வெளியிலிருந்து வலது காலால் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நாற்பதாவது நிமிடம் அதே ஆள், தலையால். சந்தியாப்பிள்ளை இடது கையால் மேலே தட்டிவிட்டார். விழுந்து எழும்பச் சிறிது நேரம் எடுத்தது. எழும்பியதும் முதலில் பார்த்தது கடலை.

நான் குறிப்பெடுத்தேன். ஆனால் என் கண் அடிக்கடி போனது மூலைக் கொடிக்கு. சிவப்புத் துணி, கிழக்குப் பார்க்க விறைத்து நின்று படபடத்துக்கொண்டிருந்தது. அது தொங்கினால் ஆட்டம் முடிந்தது. அது தொங்காவிட்டால் ஐந்து பேர் இன்னும் தூரம் போகிறார்கள். எதை எதிர்பார்ப்பது என்று அன்று மைதானத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அமலன் மூலையிலிருந்து பந்தை எடுக்கப் போகும்போதெல்லாம் கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

இடைவேளையில் சந்தியாப்பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"விழுமோ, அண்ணை?" என்று கேட்டார் அமலன்.

"விழும்."

"எப்ப?"

"எனக்குச் சொல்லிப்போட்டு விழாது."

"விழுந்தா நீங்கள் கழட்டிப்போட்டு நடவுங்கோ. என்னட்டக் கேக்காதேங்கோ. என்னைப் பாக்கவும் வேண்டாம்."

"ஏன்?"

"பாத்தா ஒருவேளை நில்லுங்கோ எண்டு சொல்லிடுவன்."

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது சந்தியாப்பிள்ளை கிழக்குக் கோலில், கடலுக்கு முதுகு காட்டி, முகத்தில் காற்றும் வெயிலும் அடிக்க நின்றார். பந்து மறுபாதிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அறுபதாவது நிமிடத்தளவில் பந்து பக்கத்தில் இருக்கும்போதும் திரும்பத் தொடங்கினார். பின்வரிசையில் நின்ற ஒருவர் கத்தினார்: "அண்ணை, கடல் ஓடிப் போகாது. பந்தைப் பாருங்கோ."

"பந்தும் ஓடிப் போகாதடா. நீ மறி."

எழுபத்து நான்காவது நிமிடம் மூலைக் கொடி ஒருமுறை படபடத்தது, பிறகு கம்போடு ஒட்டித் தொங்கியது. பனையோலைச் சத்தம் நின்றதைத்தான் நான் முதலில் உணர்ந்தேன். அவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. கொடியைப் பார்த்தேன், பிறகு கோலைப் பார்த்தேன். சந்தியாப்பிள்ளை வலக்கைக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அமலனைப் பார்க்கவில்லை. அமலன் நடுக்களத்தில் இடுப்பில் கைவைத்து நிலத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை, வெறும் சத்தம். நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. சந்தியாப்பிள்ளை முழுதாகத் திரும்பினார். ஒரு கையில் கையுறை, மறுகை வெறுங்கை. பனைகளுக்கிடையே ஒரு படகு தெரிந்தது. ஒன்றுதான். அது தேடப் போன படகுகளில் ஒன்று என்பது அதன் நீல நிறத்தில் தெரிந்தது. வெறுமையாகத் திரும்புகிறதா என்று நான் நினைத்த கணத்தில் அதன் பின்னால் நீண்டிருந்த கயிறும், கயிற்றின் முடிவில் இன்னொரு படகும் தெரிந்தன. பிறகு அதே மாதிரி இன்னும் இரண்டு.

நான் மைதானத்தின் பக்கம் திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது.

எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கோட்டோரத்து உதவி மத்தியஸ்தர் கொடியை நடுக்கோட்டை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நௌபர் மாஸ்டர் அவரிடம் போய் இரண்டு கேள்வி கேட்டார், திரும்பி வந்து விசில் ஊதி நடுக்களத்தைக் காட்டினார்.

"கோலோ?" என்று கேட்டார் சந்தியாப்பிள்ளை.

"கோல்தான், அண்ணை."

"சரி." கழற்றிய கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

மிச்சம் பதினாறு நிமிடம். படகுகள் கரையேறும்வரை எத்தனை தலை என்று யாருக்கும் தெரியாது. அமலன் ஓடினார், பந்தை வாங்கினார், கொடுத்தார். எழுபத்தொன்பதாவது நிமிடம் தனக்கு முன்னால் ஒருவருமில்லாத இடத்தில் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டினார். அதற்கு முந்திய மூன்று வருடங்களில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எண்பத்தைந்தாவது நிமிடம் மணலில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவன் றெஜி. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. இரண்டு உள்ளங்கையும் கயிறு இழுத்து உரிந்திருந்தன. நேரே கோலுக்குப் பின்னால் போய் நின்றான்.

"என்ர கையுறையைப் போட்டுக்கொண்டு கோலும் விட்டனீங்களோ?"

சந்தியாப்பிள்ளை திரும்பவில்லை. இந்த முறை பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நேரத்துக்கு வந்திருந்தா நான் கதிரையில இருந்திருப்பன். மற்றவங்கள்?"

"கிடக்கிறாங்கள். சேலைன் ஏத்தினாச் சரி."

அமலன் அதைக் கேட்டிருக்க முடியாது. மறுபாதியில் நின்றார். ஆனால் தம்பியைக் கண்டுவிட்டார். கையை உயர்த்தவில்லை. பந்து தன்னிடம் வந்தபோது அதை ஒருமுறை காலடியில் நிறுத்தி, பிறகு கொடுத்தார்.

றெஜியோடு வந்தவன் சப்பாத்து வரிசையில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டான். கால் வீங்கி நாடா கட்ட முடியவில்லை. நௌபர் மாஸ்டர் ஆட்டம் நின்ற இடைவெளியில் வந்து, அட்டையை வாங்கி, முகத்தையும் படத்தையும் பார்த்து உள்ளே விட்டார். எட்டுப் பேராக முடித்தார்கள். பூச்சியத்துக்கு ஒன்று.

நடந்ததை றெஜி பிறகு சொன்னான். அதிகாலையில் ஒரு படகின் இஞ்சின் நின்றது. மற்றது அதைக் கட்டி இழுத்தது. எதிர்க்காற்றில் அதன் மண்ணெண்ணெய் தீர்ந்தது. பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, வலையை இறக்கி அதன் பாரத்தில் இழுபடுவதைக் குறைத்தார்கள். "மச் முடிஞ்சிருக்கும், வரேல்லை எண்டு எழுதியிருப்பாங்கள் எண்டுதான் நினைச்சனாங்கள்" என்றான்.

இறுதி விசில் ஊதியதும் நான் கரைக்குப் போனேன். மூன்று பேர் மீன்வாடி நிழலில் படுத்திருந்தார்கள். தாய் றெஜியின் கைகளைப் பிடித்து மல்லாத்திப் பார்த்துக்கொண்டு நின்றா. அமலன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் நின்று படகொன்றை இழுத்துக்கொண்டிருந்தார். எதிரணியின் ஒன்பதாம் இலக்கக்காரரும் அங்கே நின்றார். பந்து கடைசியாக அவரிடம்தான் இருந்தது என்று அவர்களுடைய ஆட்கள் சொன்னார்கள். எந்தக் காலால் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாது, அண்ணே. பந்து காலில இருந்திச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்தாங்க, நானும் பாத்தேன். தட்டிட்டேன் போல."

ஆறு மணிக்குச் சிவகுரு ஐயாவுக்கு எடுத்தேன். முதலில் முடிவு, பிறகு ஏழு பேர், பிறகு காற்று, பிறகு கோல், பிறகு படகுகள். "ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது. ஒரு சொல்லைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. வாசித்து முடித்தேன்.

"ஐஞ்சு பேரும் வந்தது. கண்டதோ, கேட்டதோ?"

"கண்டது, ஐயா. ஒவ்வொருத்தராப் பாத்தனான்."

"ம். எந்தக் கால்?"

"பாக்கேல்லை."

"ரெஃப்ரி?"

"அவரும் கடலைத்தான் பாத்தவர். பந்து கோட்டைத் தாண்டினதை லைன்ஸ்மன் மட்டும் கண்டவர். காலைக் காணேல்லையாம்."

மறுமுனையில் தம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்த வரி வேண்டாம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு படகும் இறங்கவில்லை.